செட்டிநாட்டு வளவு வீட்டில் கணினி வேலை: மேசையை எங்கே போடுவது, எப்படி உட்காருவது

கணினித் திரையை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் வழக்கம்போல உட்காருங்கள். கறுத்துக் கிடக்கும் திரை இப்போது ஒரு கண்ணாடி. அதில் என்ன தெரிகிறது? முதுகுக்குப் பின்னால் முற்றத்து வெளிச்சமா, தலைக்கு மேல் டியூப் லைட்டா, நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையா? தெரிகிற அத்தனையையும் நாள் முழுக்க எழுத்தோடு சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். திரையை இயக்கியதும் அவை மறைந்துவிடுவதில்லை. கண் அவற்றைத் தள்ளிவிட்டு எழுத்தைத் தேடுகிறது, கழுத்து அதற்குத் தோதாகச் சாய்ந்துகொடுக்கிறது. சாயங்காலம் பிடரியில் வரும் வலிக்கு இதுவும் ஒரு காரணம். நாற்காலி வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், காசு செலவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் இன்று ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் அறை, விடுதி வரவேற்பு மேசை, பலகார ஆர்டர் எடுக்கும் கணினி என்று ஏதாவது ஒன்று நடக்கிறது. அந்த வீடுகள் வெயிலை வெளியே நிறுத்தக் கட்டியவை. சுவர் கனம், அறை இருட்டு, வெளிச்சம் பெரும்பாலும் நடு முற்றத்திலிருந்து ஒரே பக்கமாக வரும். போதாததற்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் பளபளக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தெடுப்பதால் தரையும் மினுமினுக்கும். காகிதத்தில் கணக்கெழுதிய காலத்தில் இந்தப் பளபளப்பு வரம்; இருட்டறைக்கு வெளிச்சத்தைக் கடத்திக் கொடுத்தது. தானே ஒளிரும் திரைக்கு அதுவே வினையாகிறது.

முற்றத்தை நேரே பார்த்து உட்காராதீர்கள். முற்றத்துக்கு முதுகைக் காட்டியும் உட்காராதீர்கள். நேரே பார்த்தால் திரைக்குப் பின்னால் வெட்ட வெளிச்சம், கண்ணின் பாவை சுருங்கிவிடும், திரை மங்கலாகத் தெரியும், அப்புறம் வெளிச்ச அளவை நூற்றுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்குவீர்கள். முதுகு காட்டினால் முற்றம் முழுவதும் திரையில் விழும். முற்றம் தோளுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். தூண் வரிசையிலிருந்து 5, 6 அடியாவது உள்ளே தள்ளிப் போடுங்கள்.

மேசையை ஒரே இடத்தில் வைத்து ஒரு நாள் பாருங்கள்: காலை 10 மணி, மதியம் 1, மாலை 4. இந்த வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீளும். அதனால் முகப்பு கிழக்கே பார்த்திருந்தால் காலை வெயில், மேற்கே பார்த்திருந்தால் மாலை வெயில் சாய்வாக உள்ளே நுழையும். மேலே வண்ணக் கண்ணாடி பதித்திருந்தால் சிவப்பு, பச்சைத் திட்டுகள் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகு, அவை திரைமேல் ஏறும் நேரம் மட்டும் தொல்லை. இடம் மாற்ற வழியில்லை என்றால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். தரையிலிருந்து எழும் கண்கூச்சத்துக்கு மேசையைச் சுற்றி ஒரு கோரைப்பாய் விரித்தால் போதும்.

இரவு வெளிச்சம் வேறு கதை. உயரமான கூரையில் மாட்டிய டியூப் லைட் மேசைக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும். காகிதம் படிக்க 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும்; கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் மீட்டர் செயலி துல்லியமாகக் காட்டாது என்றாலும் 80 என்று காட்டினால் நிச்சயம் போதாது என்று தெரிந்துகொள்ளலாம். வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று வாங்கி, வெளிச்சம் காகிதத்தில் விழும்படியும் திரையில் விழாதபடியும் திருப்பி வையுங்கள். அடிக்கடி யாரும் கவனிக்காத ஒரு கோளாறு: நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறி விளக்குக்குக் கீழே சுற்றினால், இறக்கையின் நிழல் மேசைமேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். மனசு அதைப் பழகிக்கொள்ளும், தலைவலி பழகிக்கொள்ளாது. விளக்கை விசிறிக்குக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள், அல்லது பக்கச் சுவருக்கு மாற்றுங்கள்.

திரையின் வெளிச்ச அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். காலி வேர்ட் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் அளவு கூடுதல், சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் குறைவு. காலையில் ஒரு முறை, விளக்குப் போட்ட பிறகு ஒரு முறை மாற்றுங்கள்.

உயரம்: முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் திரையைத் தூக்குவதில் தொடங்குவார்கள். அது கடைசி வேலை. முதலில் முழங்கை.

பழைய தேக்கு மேசை எழுதுவதற்குச் செய்தது. உயரம் 30 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சாதாரண நாற்காலியின் உட்காரும் பலகை தரையிலிருந்து 17 அங்குலம். 5 அடி 2 அங்குல உயரமுள்ள ஒருவர் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கை பலகையிலிருந்து 8 அல்லது 9 அங்குலம் மேலே நிற்கும். ஆக தரையிலிருந்து ஏறக்குறைய 25½. மேசைமேல் விசைப்பலகையின் கனமும் சேர்ந்தால் விரல் போய்ச் சேர வேண்டிய இடம் 31. நடுவில் இருக்கும் 5½ அங்குலத்தை எது ஈடுகட்டும்? தோள். எட்டு மணி நேரம் தோளைத் தூக்கிப் பிடித்தபடி ஜி.எஸ்.டி. பில் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பர்மாத் தேக்கு மேசையின் காலை அறுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, தேவையும் இல்லை. ஆளைத் தூக்குங்கள். உயரம் மாற்றக்கூடிய நாற்காலி என்றால், தோள் தளர்ந்து, மேல்கை உடம்பை ஒட்டித் தொங்கி, முழங்கை விசைப்பலகை மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். மர நாற்காலி என்றால் கெட்டியாக அடைத்த இலவம்பஞ்சுத் திண்டு. உட்கார்ந்தபின் அமுங்குவதைக் கழித்துக் கணக்குப் பாருங்கள், 6 அங்குலத் திண்டு 4 அங்குலம்தான் தூக்கும். இப்போது கால் தரையில் எட்டாது. தொடையின் அடிப்பக்கம் பலகை விளிம்பில் அழுந்தி, கால் மரத்துப்போகும். எவ்வளவு ஏற்றினீர்களோ அதே உயரத்துக்குக் கீழே மணைப் பலகை போடுங்கள். வீட்டில் கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கும் மணையே போதும். உயரம் பற்றாவிட்டால் இரண்டை அடுக்கலாம், ஆனால் வழுக்காமல் நடுவில் ஒரு ரப்பர் விரிப்பு வையுங்கள்.

மேசைக்கு அடியில் விசைப்பலகைக்கு இழுப்புத் தட்டு அடித்துத் தரத் தச்சர்கள் தயாராக இருப்பார்கள். அடிக்குமுன் தொடைக்கும் தட்டுக்கும் இடைவெளி மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். பழைய மேசைகளில் நடுவில் ஒரு இழுப்பறை இருக்கும். அதற்கும் கீழே தட்டு அடித்தால் முட்டி இடிக்கும், ஆள் தள்ளி உட்காருவார், முதுகு வளையும். தட்டில் மவுஸுக்கும் இடம் வேண்டும். விசைப்பலகை கீழே, மவுஸ் மேலே என்று வைத்தால் வலத்தோள் நாள் முழுக்க மேலே ஏறி இறங்கும்.

மேசை விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து மேசைகளில் பல கூர்விளிம்பு. முன்கையை அதில் ஊன்றியபடி தட்டச்சு செய்தால் மணிக்கட்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு விழும். நான்காக மடித்த துண்டை விளிம்பில் போட்டு நழுவாமல் பொருத்திக்கொள்ளுங்கள். அதற்காக மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டு அடிக்க வேண்டாம், அடித்து நிறுத்தும்போது மட்டும் ஊன்றுங்கள்.

இடுப்புக்கு ஒரு துண்டைச் சுருட்டி, 3 அங்குலக் கனத்தில், பெல்ட் கட்டும் இடத்தில் வையுங்கள். பலகையின் முன் விளிம்புக்கும் முட்டியின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் நாற்காலி ஆழம் அதிகம்; முதுகுப் பக்கம் ஒரு தலையணையைச் சொருகி முன்னே வாருங்கள். சக்கர நாற்காலி வாங்கினால் ஐந்து காலுள்ளதாகப் பாருங்கள், நான்கு கால் சாய்ந்துவிடும். கெட்டி நைலான் சக்கரம் ஆத்தங்குடி டைல்ஸைக் கீறும், வழுக்கவும் செய்யும். மென்மையான சக்கரம் கேட்டு வாங்குங்கள். நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்காருவது நம்மில் பாதிப்பேர் வழக்கம். பத்து நிமிடம் என்றால் குற்றமில்லை. நாள் முழுக்க ஒரே காலை மடக்கினால் இடுப்பு ஒரு பக்கமாகக் கோணும்.

இவ்வளவும் ஆன பிறகு திரை. மேல் வரி கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வரட்டும். தூரம் கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு, 20 முதல் 28 அங்குலம். பெரிய திரை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி. திரையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது கூரை விளக்கு அதில் வந்து விழுந்தால் சாய்வைக் குறையுங்கள். இருபார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது: படிக்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால் தாடையைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அவர்களுக்குத் திரையை 2, 3 அங்குலம் இறக்கி, மேல்நோக்கிச் சற்றே சாய்த்துக் கொடுங்கள்.

மடிக்கணினியில் இந்தக் கணக்கு ஒத்துவராது. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று சரியாக இருந்தால் மற்றது தப்பாக இருக்கும். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிவிடுங்கள், செருகுகம்பி போட்ட சாதாரணமானவை போதும். மடிக்கணினியைத் தூக்க, செய்தித்தாள் சுற்றிய செங்கல்: ஒன்றின்மேல் ஒன்றாக இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. 6 அங்குலம் ஏறும், நடுவில் காற்றும் போகும். திண்ணையில் சம்மணம் போட்டு மடியில் வைத்து வேலை செய்வது சுகமாகத்தான் இருக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்களுக்கு

வவுச்சர், பழைய பத்திரம், கைப்பட எழுதிய ஆர்டர்ச் சீட்டு, எதுவாக இருந்தாலும் மேசையில் படுக்க வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தால், ஒரு மணி நேரத்தில் நூறு முறை கழுத்து மடங்கும். அந்தத் தாள் திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே சாய்வாக நிற்க வேண்டும். ராமாயணம் வைத்துப் படித்த சிக்குப்பலகை பல வீடுகளில் பரணில் கிடக்கும். அதை எடுத்துத் துடைத்துத் திரைக்கு முன்னே விரித்து வையுங்கள். குறுக்கே ஒரு அடிக்கோலை ரப்பர் வளையத்தால் கட்டி, வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தால் வரி தவறாது. இதைவிடப் பொருத்தமான ஒன்று கடையில் கிடைப்பது அரிது.

தமிழில் நிறையத் தட்டச்சு செய்பவர்கள் எந்த விசையமைப்பு என்பதையும் யோசிக்க வேண்டும். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பில் ஷிப்ட் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாரம் முழுக்கச் சுண்டுவிரலுக்கு. 1999இல் தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். கிரந்த எழுத்துகளுக்கும் சில குறிகளுக்கும் தவிர ஷிப்ட் தேவையில்லை, ஒரே மெய்யை இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். இருபது வருடம் பழைய அமைப்பில் ஓடிய கையை மாற்றச் சொல்வது நியாயமில்லை. சுண்டுவிரல் வலியோடு இருப்பவரும் புதிதாகப் பழகுபவரும் தமிழ்99இல் தொடங்கட்டும்.

எழுத்தின் அளவு ஆங்கிலத்துக்குப் போதுவது தமிழுக்குப் போதாது. ன, ண, ல, ள, ழ, சுழி ஒன்று மங்கினால் பெயர் மாறிவிடும், பத்திரத்தில் அது விளையாட்டில்லை. விண்டோஸில் திரை அமைப்புக்குப் போய் ஸ்கேல் 125 சதவீதம் ஆக்குங்கள். சரியா என்று பார்க்க: வழக்கமான தூரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நின்று பாருங்கள், சிரமப்பட்டாவது படிக்க முடிய வேண்டும். முடிந்தால் அருகில் உட்காரும்போது கண்ணுக்கு வேலை குறைவு.

கண்

திரையைப் பார்க்கும்போது இமைப்பது வழக்கத்தில் பாதிக்கும் கீழே குறைந்துபோகும். கண் எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல் எல்லாம் அதனால்தான். சித்திரை வைகாசியில் மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டால் இருக்கும் ஈரமும் போய்விடும். விசிறியை மார்புக்குக் கீழே திருப்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். நகரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய வேலை. இங்கே தலையைத் திருப்பினால் முற்றத்துக்கு எதிர்ப்பக்கத் தூணே அந்தத் தூரத்தில் நிற்கிறது. பார்க்கும்போது கண்ணை முழுக்க மூடி மூடித் திறக்க வேண்டும், அதுதான் பலன் தருவது.

நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகத் தூரத்துக்கு, ஏறக்குறைய 14 முதல் 16 அங்குலத்துக்கு எழுதித் தருவது. திரை 25 அங்குலத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு ஏற்ப ஆள் முன்னே சாய்வார். கண் பரிசோதனைக்குப் போகும்போது, மூக்கிலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்து அந்த எண்ணைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு அது கண் களைப்பைக் குறைப்பதாகக் காணவில்லை.

இடைவேளையை நீட்டாதீர்கள், அடிக்கடி எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடத்தைவிட, மணிக்கு ஒரு முறை 5 முதல் 10 நிமிடம் மேல். எழுந்து இரண்டாங்கட்டுவரை நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அதற்குச் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் அது இடைவேளை இல்லை.

வலி வந்தால் எங்கே என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மரமரப்பு, இரவில் தூக்கம் கலைத்துக் கையை உதறச் செய்தால், மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் முழங்கைப் பக்கம் பாருங்கள்; மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போன் பேசுகிறவர்களுக்கு வருவது அது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

பில் போடும் மேசையில் நிற்பவர்கள்

ஜவுளிக்கடை, பலகாரக்கடைக் கல்லாவில் கணினி உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும், ஆள் நின்றுகொண்டிருப்பார். நிற்பவருக்கு விசைப்பலகை அவர் முழங்கை உயரத்தில், 38 முதல் 41 அங்குலத்தில் வர வேண்டும். காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு, ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு மணை. முதுகு சாயும் உயரமான ஸ்டூல் ஒன்றும் அவசியம். இது முதலாளியின் தயவு இல்லை: 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவு, வேலை செய்பவர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்கிறது.

மின்சாரம்

கணினிப் பெட்டியின் உலோகத்தைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? டெஸ்டர் வைத்தால் எரிகிறதா? எர்த் இல்லை. கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் 230 வோல்ட்டில் பாதியளவைப் பெட்டிக்குக் கடத்தும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கைக்காகக் காத்திருக்கும். மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கில் மூன்றாவது கம்பியே இருக்காது. பிளக் பாயின்ட்டில் மூன்று துளை இருப்பதை வைத்து நம்பாதீர்கள். எலக்ட்ரீஷியனை மீட்டரோடு அழையுங்கள்: லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் கூடாது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் அதே கையோடு மாட்டச் சொல்லுங்கள். மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர் கண்ணில் பட்டால் உடைத்துப் போடுங்கள்.

எர்த் குழி இருந்தாலும் கோடையில் செம்மண் காய்ந்து கட்டியானால் வேலை செய்யாது. பங்குனியிலிருந்து மழை பிடிக்கும்வரை வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் செருகாதீர்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் தரும். தாளில் மையைச் சுட்டு ஒட்டும் நேரத்தில் பிரிண்டர் அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும், கரண்ட் போகும்போது கணினியும் சேர்ந்து அணையும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுப்பதும் வேண்டாம். வயர் நிலைப்படியைத் தாண்டிப் போகக்கூடாது. இந்த வீட்டு நிலைப்படிகள் உயரம். படியில் காலைத் தூக்கிவைக்கும் நேரத்தில்தான் வயர் மாட்டும், அதுவும் காபித் தட்டோடு வருகிறவர் காலில். சுவரோரம் நிலைச்சட்டத்தை ஒட்டி மேலேற்றிச் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துச் சாரல் காற்றோடு எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒரு மழைக்குப் பாருங்கள், தரை நனைந்த கோடு காட்டிக்கொடுக்கும். பாக்ஸும் யு.பி.எஸ்ஸும் அந்தக் கோட்டுக்கு உள்ளே, தரையைவிட்டு அரை அடி உயரத்தில் இருக்கட்டும். இடி இறங்கும் சத்தம் கேட்டால் சுவிட்சை அணைப்பது போதாது: பிளக்கையும், இன்டர்நெட் பெட்டியிலிருந்து வரும் கேபிளையும் உருவிவிடுங்கள்.